நகரும் நாள், தங்கும் நாள்: இரண்டு பயணங்களுக்குக் கூட வந்த கணக்கு நோட்டு

மளிகைக் கடையில் பாக்கி எழுதி வைக்கும் ஒல்லியான நீள நோட்டு இருக்கிறதே, அதுதான் என் பயணத் திட்டம் முழுக்க. 2024 கடைசியில் 72 நாள் மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம். அதற்கடுத்த வருடம் 28 நாள் இந்தோனேசியாவின் ஜாவா தீவு. இரண்டுக்கும் அதே நோட்டுதான். முதல் பயணத்தில் செலவு எழுத போனில் ஒரு செயலியும் வைத்திருந்தேன். நான்கு நாணயங்களில் மாற்றி மாற்றிப் போட்டுச் சலித்து, பத்தாம் நாள் அதை விட்டுவிட்டேன். நோட்டில் எழுதினால் கையால் கூட்டிப் பார்த்தாக வேண்டும். அந்தக் கூட்டல்தான் என்னைக் காப்பாற்றியது.

கிளம்பும்போது என் கணக்கு எளிமையானது. விமானமும் பயணக் காப்பீடும் தனி. மற்ற எல்லாவற்றுக்கும் நாளுக்கு ₹1,800, ஆக 72 நாளுக்கு ₹1,29,600. எல்லாரும் இப்படித்தான் போடுகிறோம். இந்த முறை தப்பு என்று புரிய எனக்கு 24 நாள் ஆனது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், பினாங்கு, அப்புறம் ரயிலில் பாடாங் பெசார் எல்லை, ஹாட்யாய், பாங்காக். அங்கிருந்து இரவு ரயிலில் லாவோஸ் தலைநகர் வியன்டியான், பிறகு அதே நாட்டின் லுவாங் பிரபாங். பார்க்கப் பார்க்க ஆசை. மூன்று நாளைக்கு ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். லுவாங் பிரபாங் வந்த இரவு, டார்மிட்டரி கட்டிலில் உட்கார்ந்து நோட்டைக் கூட்டினால் ₹54,400 போயிருந்தது. திட்டப்படி ₹43,200தான் ஆகியிருக்க வேண்டும். வயிறு கலங்கிவிட்டது. ஆடம்பரமாக எதுவும் செய்யவில்லையே, பணம் எங்கே போனது?

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஊர் மாறிய நாட்களுக்கு மட்டும் பேனாவால் வட்டம் போட்டேன். எட்டு நாள். அந்த எட்டு நாளும் சராசரி ₹4,100. சும்மா ஓர் ஊரில் தங்கிய 16 நாளும் சராசரி ₹1,350. ஊரில் இருப்பதற்கு அவ்வளவு செலவே இல்லை. ஊர் மாறுவதற்குத்தான்.

வியன்டியான் போன நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாங்காக் விடுதியிலிருந்து ஸ்டேஷனுக்கு டாக்ஸி, ரயில் டிக்கெட், லாவோஸ் விசாவுக்கு டாலர், புது சிம். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டை என்பதற்காகக் கட்டணம். இறங்குவது ஒரு ஸ்டேஷன், லுவாங் பிரபாங் ரயில் கிளம்புவது ஊரின் வேறொரு பக்கத்தில் இருக்கும் ஸ்டேஷன். நடுவில் மறுபடி வண்டி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் வந்தவனுக்கு நாலு இடத்தில் அறை விசாரிக்கத் தெம்பு ஏது? கண்ணில் பட்ட முதல் அறையைச் சொன்ன விலைக்கு எடுத்தேன். இதெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறது, பதினோரு வரி. லுவாங் பிரபாங்கில் மூன்றாவது நாள் பக்கத்தைப் பாருங்கள், நாலே வரி: கட்டில், காலை நூடுல்ஸ், காபி, ராத்திரிச் சாப்பாடு.

அதற்குப் பிறகு திட்டத்தை மாற்றினேன். மீதி 48 நாளுக்கு நாள் கணக்கு போடாமல், எத்தனை முறை நகரலாம் என்று போட்டேன். ஆறு. போக நினைத்திருந்த கம்போடியாவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன், மனசு வலித்தது. வியட்நாமில் ஹனோய், ஹுவே, டா நாங், சைகோன் என்று சில ஊர்களே. ஹுவேயில் மட்டும் 13 நாள். ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் அறை வாடகையைக் குறைக்கிறார்கள், கேட்டால் போதும். சைவச் சாப்பாட்டுக்கு அங்கே 'சாய்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் என்பதால் அந்தக் கடைகளில் கூட்டம் அள்ளும். நான் தினமும் போன கடையில் இரண்டாவது வாரம் கேட்காமலே சாதம் கூடுதலாக வந்தது. நகர்ந்துகொண்டே இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது.

முடிவில் 72 நாளுக்கு ₹1,35,700. திட்டத்தைவிட ₹6,100 கூடுதல், அதுவும் முதல் 24 நாளின் பாவம். 14 நகரும் நாட்கள் மட்டும் ₹57,400 தின்றிருக்கின்றன.

ஜாவாவுக்கு இதை முதலிலேயே செய்தேன். அங்கே இறங்கியதும் வாங்கும் விசா 30 நாளுக்கு 5 லட்சம் ருப்பியா. நீட்டிக்க இன்னொரு 5 லட்சம். அதனால்தான் 28 நாள். ஜகார்த்தாவில் இறங்கி சுரபாயாவில் விமானம் ஏறினேன், திரும்பி வரும் வழி மிச்சம். நடுவில் பாண்டுங், யோக்யகார்த்தா, மலாங் மட்டும், எல்லாம் ரயில். கணக்கு ஒரு நாள்கூடப் பயமுறுத்தவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது எழுதி வைத்திருப்பவை: கிளம்பும் முன் வங்கி செயலியில் அட்டைக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டும். ஏடிஎம் திரை ரூபாயில் மாற்றித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்த வேண்டும். அவர்கள் போடும் விகிதம் நமக்கு நஷ்டம். தாய்லாந்து ஏடிஎம்மில் ஒரு முறைக்கு 220 பாட் போனது, எடுப்பதை மொத்தமாக எடுக்க வேண்டும். வியட்நாம் இ-விசா படிவம் எந்த விமான நிலையம் அல்லது எல்லை வழியாக நுழைவீர்கள் என்று கேட்கும், ஆகவே ரூட் அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அங்கே 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம், வெளிச்சத்தில் பார்த்துக் கொடுங்கள். மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். பாடாங் பெசாரில் ரயில் நேரம் பார்க்கும்போது எந்த நாட்டு நேரம் என்று கேட்டே ஆக வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசு தளத்தைப் பாருங்கள்.

பத்து நாள் லீவில் போகிறவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அவர்களுக்கு நேரம்தான் பஞ்சம், நகரத்தான் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல், கையில் கொஞ்சம் காசோடு கிளம்புகிறவர்கள், ஊர்ப் பட்டியலை எழுதும் முன் நகரும் நாட்களை எண்ணிப் பாருங்கள்.