ஜிங்க் டெலுரைடா, காலியம் பாஸ்பைடா?

ஃபெம்டோசெகண்ட் (மிக மிகக் குறுகிய) லேசர் துடிப்பைப் படிகத்துக்குள் அனுப்பி, மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே உள்ள டெராஹெர்ட்ஸ் அலையை எடுக்க நினைக்கிறவர்கள், இந்த இரண்டு படிகங்களில் எது என்று முதலில் தடுமாறும் இடம் இது. என்னைக் கேட்டால், படிகத்தைப் பார்க்கும் முன் கையில் இருக்கும் லேசரைப் பாருங்கள்.

லேசர்:
ஜிங்க் டெலுரைடு: 800 நானோமீட்டர் டைட்டானியம் சஃபையர் லேசருக்கு ஏற்றது. படிகத்துக்குள் லேசர் துடிப்பும் டெராஹெர்ட்ஸ் அலையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போவதால் அலை கூடிக்கொண்டே வரும்.
காலியம் பாஸ்பைடு: இந்த வேகப் பொருத்தம் 1 மைக்ரோமீட்டர் பக்கம் அமைகிறது, இட்டெர்பியம் ஃபைபர் லேசருக்கு நல்ல ஜோடி.

அலைப்பட்டை:
ஜிங்க் டெலுரைடில் படிக அதிர்வு (அலையை விழுங்கும் அணுக்களின் அதிர்வு) 5.3 டெராஹெர்ட்ஸில் குறுக்கே நிற்கிறது. 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 3 டெராஹெர்ட்ஸை ஒட்டியே அலை மெலிந்துவிடும். காலியம் பாஸ்பைடில் அந்தச் சுவர் 11 டெராஹெர்ட்ஸில்தான். மெல்லிய துண்டும் குறுகிய துடிப்பும் இருந்தால் 7 வரை போகலாம்.

வலிமை:
ஜிங்க் டெலுரைடின் மின்-ஒளியியல் குணகம் (மின்புலத்தால் படிகத்தின் ஒளிவிலகல் எவ்வளவு மாறும் என்ற அளவு; கூடினால் டெராஹெர்ட்ஸும் வலுக்கும்) சுமார் 4 பிகோமீட்டர்/வோல்ட். மற்றதற்குச் சுமார் 1 மட்டுமே. ஆனால் ஒளியைக் கூட்டினால் ஜிங்க் டெலுரைடு ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான்களை விழுங்கி, அதில் பிறக்கும் மின்துகள்களாலேயே டெராஹெர்ட்ஸையும் தின்றுவிடும். அப்புறம் சக்தியை ஏற்றிப் பலன் குறைவு.

கையாளுதல்: ஜிங்க் டெலுரைடு மென்மையானது, எளிதில் கீறும். காலியம் பாஸ்பைடு கெட்டி.

800 நானோமீட்டர் லேசரும் 3 டெராஹெர்ட்ஸுக்குக் கீழான அளவீடும் என்றால் ஜிங்க் டெலுரைடு போதும். ஃபைபர் லேசரோ அகலமான பட்டையோ வேண்டுமென்றால் காலியம் பாஸ்பைடு. எதை வாங்கினாலும் அலை செல்லும் பாதையில் உலர்ந்த நைட்ரஜன் நிரப்புங்கள். எந்தப் படிகமானாலும் ஈரக் காற்றின் நீராவி டெராஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிக் கெடுக்கும்.