61 பக்கம், ஒரு ரப்பர் சீல்

பிரிண்டர் நிற்கிற வழியாக இல்லை. இருபது, முப்பது என்று தாள் விழுந்துகொண்டே இருந்தது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "சார், தினம் நாலு டீயா?"

ஆறு மாத ஸ்டேட்மென்ட், மொத்தம் 61 பக்கம். 12 ரூபாய் டீ, 10 ரூபாய் வடை, பூ, பால், பெட்ரோல், மறுபடி டீ. எல்லாம் ஜிபே. அப்பாவின் பழைய பாஸ்புக்கில் ஆறு மாதம் என்பது ஒரு பக்கம்கூட நிரம்பாது. மாதம் பிறந்தால் சம்பளம் ஒரு வரி, எடுத்தது இரண்டு வரி, அவ்வளவுதான். இப்போது ஒரு மனிதன் எத்தனை மணிக்கு வடை தின்றான் என்பதுவரை வங்கிக்குத் தெரிகிறது. வீட்டுக்காரர் என்னோடு வந்து இருக்க இங்கிலாந்து விசா வேண்டும், அதற்காக இந்த 61 பக்கத்தையும் லண்டனிலோ ஷெஃபீல்டிலோ யாரோ ஒரு அதிகாரி புரட்டுவார். அதற்குமுன் ஒவ்வொரு பக்கத்திலும் வங்கியின் சீல் விழ வேண்டும். அதற்காகத்தான் நான் இங்கிலாந்தில் வேலை பார்க்கிற லெஸ்டரிலிருந்து கடலூருக்கு மூன்று வாரம் லீவு போட்டு வந்திருந்தேன். வீட்டுக்காரர் தனியாக இரண்டு முறை போய், இரண்டு முறையும் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று திரும்பி வந்திருந்தார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. இங்கிலாந்தில் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர் கணவனையோ மனைவியையோ அழைக்க ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். 2012 முதல் 18,600 ஆக இருந்ததை 2024 ஏப்ரலில் ஒரே தாவலில் இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். நான் நர்ஸ். ஒரு படிப்புக்காக வேலையை வாரம் 30 மணி நேரமாகக் குறைத்திருந்தேன், அதனால் 26,200. அதாவது 2,800 பவுண்டு இடிக்கிறது. முழுநேரத்துக்குத் திரும்பினாலும் அந்தச் சம்பளத்தில் ஆறு மாதச் சம்பளச் சீட்டு சேர வேண்டும். கடலூரில் அவர் வாங்கும் சம்பளம் இந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் அவருடைய சேமிப்பு வரும். குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 சேர்க்க வேண்டும். 7,000, அதோடு 16,000, ஆக 23,000 பவுண்டு. அது ஆறு மாதம் கணக்கில் அப்படியே படுத்திருக்க வேண்டும்.

பணம் இருந்தது. பண்ருட்டிப் பக்கம் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துப் போட்டதில் பாதி மரம் போய்விட்டது. திரும்ப நட்டதும் முன்பு போல வரவில்லை. அதை விற்றதில் அவருக்கு வந்த பங்கு 28 லட்சம். ஜனவரியில் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டார். மாசியில் திருவந்திபுரத்தில் கல்யாணம். ஜூலையில் ஆறு மாதம் முடிந்தது. அதைக் கணக்குப் பார்த்து டிக்கெட் போட்டால், வந்து இறங்கியது ஆடி. புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைக்கிற மாதம் என்று பெரியம்மா ஞாபகப்படுத்தினார். எங்களுக்கு விசா விதி பன்னிரண்டு மாதத்தையும் ஆடியாக்கி வைத்திருக்கிறது, தனியாக ஒரு ஆடி எதற்கு பெரியம்மா என்றேன்.

சரி, வங்கி.

எந்த வங்கி என்று சொல்ல வேண்டாம். ஊரில் எந்தக் கிளைக்குள் போனாலும் அதே டோக்கன், அதே ஃபேன், சங்கிலி போட்ட அதே பேனா. மேலாளர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"விசாவுக்கா? அப்ப சால்வன்சி சர்டிஃபிகேட் கேளுங்க. சொத்துப் பத்திரம், வேல்யூவேஷன் ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க, பண்ணிடலாம்."

"சால்வன்சி வேண்டாம் சார். ஸ்டேட்மென்ட்ல எல்லாப் பக்கத்துலயும் சீல் வேணும். அப்புறம் டெபாசிட்டைப் பத்தி ஒரு லெட்டர்."

"எல்லாரும் சால்வன்சிதானே வாங்கிட்டுப் போறாங்க?"

எல்லாரும் என்றால் யார் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். சால்வன்சி என்பது இவருக்கு இவ்வளவு சொத்து வசதி இருக்கிறது என்று வங்கி தருகிற சான்று. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நம் ஊரில் வெளிநாட்டு விசா என்றாலே ஆடிட்டரிடம் போய் வீடு இவ்வளவு, நகை இவ்வளவு, நிலம் இவ்வளவு என்று எழுதி வாங்குவதுதான் பழக்கம். இந்த விசாவில் நகையும் நிலமும் சல்லிக்காசு பெறாது. கையில் எடுக்கக்கூடிய ரொக்கம் மட்டும்தான் பேசும்.

"சரி, ஸ்பான்சர் யாரு?"

"நான்தான் சார்."

"இல்லம்மா, சாரோட விசாவுக்கு ஸ்பான்சர் யாருன்னு கேக்கறேன்."

"நான்தான் சார்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார்.

லெட்டர் மூன்று முறை மாறியது. முதல் லெட்டரில் சேமிப்புக் கணக்கில் இருந்த 41,300 ரூபாய் மட்டும் இருந்தது, 28 லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டெபாசிட் வேறு டெஸ்க்காம். இரண்டாவதில் டெபாசிட் வந்தது, ஆனால் முதிர்வு தேதி அடுத்த ஜனவரி என்பதோடு முடிந்துவிட்டது. முதிர்வுக்குமுன் எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம், கொஞ்சம் வட்டி குறையும், அவ்வளவுதான் என்ற வரி இல்லாவிட்டால் அந்தப் பணம் பூட்டிக் கிடக்கிற பணமாகிவிடும். அந்த ஒரு வரிக்கு அரை நாள். மூன்றாவதில் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் நிற்கிறது, வங்கிக் கணக்கில் இனிஷியலாக முன்னால் நிற்கிறது. நமக்கு அது ஒரே ஆள். அங்கே இரண்டு ஆள். "இனிஷியல்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்று மேலாளர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு, இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று எழுதி வாங்கினோம்.

இதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. விண்ணப்பம் போடுகிற நாளுக்கும் ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதிக்கும் நடுவில் 28 நாளுக்கு மேல் போகக்கூடாது என்பதால் எனக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்குள்ளும் அது ஓடவில்லை.

சீல்தான் கடைசி மலை. "கடைசிப் பக்கத்துல ஒண்ணு போட்டா போதும், அதான் வழக்கம்." நான் போனில் விதியைக் காட்டினேன். இணையத்திலிருந்து எடுத்த ஸ்டேட்மென்ட் என்றால், அது உண்மையானதுதான் என்று வங்கி தன் லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் வங்கியின் முத்திரை வேண்டும். லெட்டரை இதற்குமேல் ஒருமுறை மாற்றச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

இதில் சிரிப்பு என்னவென்றால், லெஸ்டரில் என் சொந்த ஸ்டேட்மென்ட்டுக்கு சீல் வாங்க ஆளே இல்லை. என் வங்கியின் கிளையை மூடி இரண்டு வருடமாகிறது, அங்கே இப்போது காபிக் கடை. ஆப்பில் சாட் செய்தால் ஒரு எந்திரம் "உங்கள் கேள்வி எனக்குப் புரியவில்லை" என்கிறது. ரப்பர் சீல் என்ற பொருளையே அந்த நாட்டில் நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் கேட்பது அவர்கள்தான். இங்கே மேசைக்கு நாலு சீல் கிடக்கிறது, எடுத்துக் குத்தத்தான் மனம் வரவில்லை. எந்தப் பக்கம் நின்று கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் மேலாளர் மணியை அழுத்தினார். அட்டெண்டர் வந்தார். ரிட்டயர் ஆகிற வயது, நெற்றியில் திருநீறு. 61 பக்கத்தையும் வாங்கிக் கையில் ஒரு எடை பார்த்துவிட்டு, "எல்லாத்துலயுமாம்மா?" என்றார். ஆமாங்க ஐயா என்றேன். சீலை எடுத்து முதல் பக்கத்தில் அழுத்தினார். பாதி வட்டம்தான் விழுந்தது, அதுவும் வெளிறி. பேட் காய்ந்து கிடந்தது. இங்க் பாட்டில் ஸ்டோர் ரூமில், ஸ்டோர் ரூம் சாவி லீவில் இருப்பவரிடம். நான் எழுந்து வெளியே போய் ஸ்டேஷனரிக் கடையில் ஊதா இங்க் ஒன்று வாங்கி வந்தேன். 30 ரூபாய். விசாவுக்குக் கிட்டத்தட்ட 2,000 பவுண்டு, மருத்துவக் கட்டணம் என்று 3,105 பவுண்டு கட்டப் போகிறவளுக்கு இந்த 30 ரூபாய்ச் செலவுதான் மனதுக்கு நிறைவாக இருந்தது.

அப்புறம் அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். தாள்களைக் கட்டாகத் தட்டி நேராக்கி, ஒரு பக்கமாகச் சரித்து, விசிறி மாதிரி விரித்தார். ஒவ்வொரு தாளின் கீழ் ஓரமும் படிக்கட்டாக வெளியே தெரிந்தது. இடது கட்டைவிரல் ஈர ஸ்பாஞ்சில், வலது கை பேடில். டப், டப். பேட், தாள், பேட், தாள். எண்கள் எதன்மீதும் சீல் ஏறவில்லை, எல்லாம் ஒரே கோணத்தில். ஏழெட்டு நிமிடம்தான். நாலு நாளாக இதற்கா அலைந்தோம் என்று வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். லெஸ்டரில் இதற்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டால் மூன்று வாரம் கழித்துக் கொடுப்பார்கள், அதுவும் போனில், என்றேன்.

நூறு ரூபாய் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதெல்லாம் வேணாம்மா. தம்பி, ஒரு டீ சொல்லுங்க, போதும்." வாசல் கடையில் மூன்று டீ. என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் போனை எடுத்து ஸ்கேன் செய்தார். 36 ரூபாய். அட்டெண்டர் சிரித்தே விட்டார்.

வீடு பற்றியும் சொல்ல வேண்டும், அதுவும் இந்த விசாவில் ஒரு பாடம். லெஸ்டரில் ஒரு படுக்கையறை வாடகை ஃபிளாட். கணவர் வந்து தங்கலாம் என்று வீட்டு ஓனர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர்கள் பார்ப்பது நெரிசலை. 1985இல் வந்த அவர்களுடைய வீட்டுவசதிச் சட்டத்தில் கணக்கே போட்டிருக்கிறது. 110 சதுர அடி அறை என்றால் இருவர், 70 முதல் 90 வரை என்றால் ஒருவர். பத்து வயதுக்குக் கீழே என்றால் அரை ஆள். கைக்குழந்தை ஆளே இல்லை. இதை ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் போய் இன்ச் டேப் எடுத்து வந்தார்.

கூடம் பத்துக்குப் பதினொன்று. சரியாக 110. உள்ளறை எட்டுக்கு ஒன்பது, 72. ஆக இந்த வீட்டில் மூன்று பேர் இருக்கலாம் என்றேன். அப்பா டேப்பைச் சுருட்டாமல் கூடத்தின் நடுவில் நின்றார். பாட்டி ஜன்னலோரம், அம்மா பக்கத்தில் நான், தம்பிகள் இரண்டு பேரும் பீரோ பக்கம் தலை வைத்து, அப்பா வாசல்படி ஓரம், மழை நாளில் சித்தப்பா வேறு. "அப்ப நாம எல்லாரும் சட்ட விரோதமாத்தான் படுத்திருந்தோமா?" என்றார். எனக்கு ஃபிளாட்டில் இப்போது 120 சதுர அடி படுக்கையறை. தனியாகத்தான் படுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்ய உட்கார்ந்தோம். அந்தப் பையன் 44ஆம் பக்கத்தில் நிறுத்தி, "அக்கா, இதுல சீல் இல்ல" என்றான். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மணி நாலேகால். மறுநாள் இரண்டாம் சனி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்காரர் ஒற்றைத் தாளோடு போய் நின்றார். அட்டெண்டர் தாளைப் பார்த்தார், 44ஆம் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை படித்தார், "அன்னிக்கு மட்டும் அஞ்சு டீ போல" என்று சொல்லிக்கொண்டே குத்திக் கொடுத்தாராம்.

அன்றே விண்ணப்பம் போட்டாயிற்று. கைரேகைக்குச் சென்னை போய் வந்ததில் எழுத ஒன்றுமில்லை. நான் லெஸ்டர் திரும்பி வேலைக்குப் போகிறேன். முடிவு வரவில்லை. நேற்று வீடியோ காலில் பேசிக்கொண்டே கடைக்கு நடந்தவர் சட்டைப் பையில் கையை விட்டார். சில்லறை குலுங்கியது. என்ன இது புதுசா என்றேன். ஒருவேளை திரும்பக் கேட்டால் என்ன செய்வது, பக்கம் கூடிக்கொண்டே போகிறதே என்றார். டீக்கடைக்காரர் அவருக்கென்றே மூன்று ரூபாய் பாக்கியைத் தனியாக எழுதி வைக்கிறாராம்.