பணகுடிக் காற்றில் பஃப் பேனல் கூரை: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பணகுடிக்கும் வள்ளியூருக்கும் இடையில் இருக்கும் எங்கள் லேத் பட்டறையின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றிவிட்டு, 2018-இல் 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள பஃப் பேனல் போட்டோம். மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் வண்ணம் பூசிய எஃகுத் தகடு. நடுவில் கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியுள்ள பாலியூரித்தேன் நுரை. வெக்கை குறைந்ததைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சித்திரை மதியத்திலும் ஆட்கள் மிஷினை விட்டு வேப்பமரத்தடிக்குப் போவதில்லை என்பதே போதும். நான் எழுத விரும்புவது அதன் பலத்தைப் பற்றி. ஏனென்றால், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "அண்ணாச்சி, தகரம் என்ன கேஜ்?" என்று தகட்டின் தடிமனை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இத்தனை ஆண்டுகளில் தகரம் எங்கேயும் கிழியவில்லை. தொல்லை வந்ததெல்லாம் நுரையும் தகரமும் ஒட்டும் பரப்பிலும், ஸ்க்ரூ இறங்கும் இடத்திலும், வெட்டிய விளிம்பிலும்தான்.

அரை மில்லித் தட்டைத் தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் கிடைக்கும் வளைவு விறைப்பைவிட, அவற்றையே 50 மில்லி தள்ளி நிறுத்தினால் கணக்குப்படி ஏழாயிரம் மடங்குக்கு மேல் விறைப்பு கூடுகிறது. இவ்வளவுக்கும் சதுர மீட்டருக்கு எடை பத்து கிலோவை ஒட்டித்தான். ஆனால் இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று நழுவாமல் பிடித்துவைப்பது நுரையின் பொறுப்பு. அது சற்று நெகிழ்ந்துகொடுப்பதால் கணக்கில் வரும் விறைப்பு முழுதும் கைக்கு வராது. ஒட்டு விட்டுப்போன இடத்தில் மிஞ்சுவது தனித்தனியான இரண்டு மெல்லிய தகடுகள் மட்டுமே.

எங்கள் ஊரில் கூரையைச் சோதிப்பது பாரம் அல்ல, காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் மேல்காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே உறிஞ்சி இழுப்பதே அதிகம். வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வீசினால் அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு 540 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 55 கிலோ. விளிம்புகளிலும் மூலைகளிலும் உறிஞ்சுவிசை அதையும் தாண்டும். பத்து கிலோ எடை அதன் முன்னால் எம்மாத்திரம்? மேலே இழுக்கும்போது அமுக்கம் அடித்தகட்டுக்கு மாறுகிறது. மேல்தகட்டில் மடிப்புகள் உண்டு, அடித்தகடோ ஏறக்குறையத் தட்டை. அது சுருங்கி அலை விழாமல் காப்பதும் நுரைதான். ஆகவே தாழ்வார ஓரத்திலும் மூலைகளிலும் ஸ்க்ரூவை நெருக்கி, மடிப்பின் உச்சியில் சேடில் வாஷர் (மடிப்பின்மேல் சேணம்போல் உட்காரும் அகல வாஷர்) வைத்து இறக்கச் சொன்னேன். அந்த வரிசை இன்றுவரை அசையவில்லை. நடுப்பகுதியில் சில ஸ்க்ரூக்களை ஆட்கள் வெறியோடு முறுக்கிவிட்டார்கள். அங்கெல்லாம் நுரை நசுங்கித் தகடு குழிந்து, சாரல் தண்ணீர் தேங்கி, வாஷரைச் சுற்றித் துரு வளையம் கட்டியிருக்கிறது.

மேற்கு ஓரத்தில் ஒரு பேனலை விரல் முட்டியால் தட்டினால், மற்ற இடங்களில் கேட்கும் கெட்டிச் சத்தம் மாறி, முறத்தின் அகலத்துக்கு 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம் வருகிறது. நல்ல வெயிலில் அந்த இடம் லேசாக உப்புவதையும் கையால் தடவி உணரலாம். பேனலைப் போட்ட ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நீளம் சரிசெய்ய அதை கிரைண்டரால் அறுத்திருந்தார்கள். கிரைண்டர் சூட்டில் விளிம்பின் வண்ணமும் துத்தநாகப் பூச்சும் கருகும்; அருகிலுள்ள ஒட்டும் கெடும்; பறக்கும் பொறி வண்ணத்தில் பதிந்து புள்ளிப் புள்ளியாகத் துருவேறும். பிறகு தண்ணீர் உள்ளே நுழைய, பிரிவு மெல்லப் பரவும். ஜிக்சாவால் அறுத்து, விளிம்பை ஃபிளாஷிங் என்ற மடித்த தகட்டுப் பட்டையால் மூடியிருந்தால் இது வந்திருக்காது. ஒப்பந்தக்காரர் "எல்லாப் பேனலும் இப்படித்தான்" என்றார். பக்கத்திலேயே தொழிற்சாலையில் வெட்டி வந்த பேனல்கள் கெட்டியாக இருக்கின்றன.

இந்த அடர்த்தியில் நுரை தாங்கும் அமுக்கம் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ அளவுதான். ஏணி சாய்கிற இடத்தில் குதிகால் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறது. பலகை போட்டு நடப்பதே முறை. பாரம் தூக்கும் செயின் பிளாக்கைப் பேனலில் தொங்கவிடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். தண்ணீர்த் தொட்டி போன்ற நிலையான பாரத்தையும் வைக்கக் கூடாது; முதல் நாள் தாங்கினாலும், நுரை மாதக்கணக்கில் மெல்ல இளகிக்கொண்டே போவதால் தொய்வு கூடிக்கொண்டே வரும்.

காற்றாலை வேலைக்குப் போகும்போது உடைந்த இறக்கைத் துண்டுகளைப் பார்ப்பேன். அதுவும் இதே கட்டமைப்புதான்: இருபுறமும் கண்ணாடியிழை, நடுவில் பால்சா மரக்கட்டையோ பிவிசி நுரையோ. பால்சாவை அதன் நார் இருபுறப் பரப்புக்கும் செங்குத்தாக நிற்கும்படி அடுக்குவதால் அமுக்கத்தை நுரையைவிட நன்றாகத் தாங்கும். ஈரம் புகுந்தால் அழுகும். அலுமினிய நுரை இன்னொரு ரகம். உருக்கிய அலுமினியத்தில் டைட்டானியம் ஹைட்ரைடு கலந்து பொங்கவைப்பார்கள்; தண்ணீரில் மிதக்கும். பத்தில் ஒரு பங்கு அடர்த்திக்குக் குறைத்தால் விறைப்பு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகிவிடும். ஆனால் நசுங்கும்போது அறை அறையாகச் சரிந்து, விசை ஏறாமல் ஒரே மட்டத்தில் ஆற்றலை விழுங்கும். மோதலைத் தாங்கும் பாகங்களுக்கு அது பொருத்தம், தீயும் பிடிக்காது. கூரைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

முன்பக்கத் தாழ்வாரத்தில் தாங்கு இல்லாத 3 மீட்டர் நீளம் உண்டு. மேல்தகடு அடித்தகட்டைவிட 30 டிகிரி சூடேறினால் கணக்குப்படி நடுவில் 8 மில்லிமீட்டர் மேலே வில்லாக வளையும். காலையில் வெயில் ஏறும்போது ஸ்க்ரூப் பக்கம் 'டக் டக்' என்று கேட்பது இதனால்தான். அடர்நீலத்துக்குப் பதிலாக வெள்ளை எடுத்திருந்தால் குறைந்திருக்கும்.

இப்போது கிழக்கே வெல்டிங் பகுதிக்குக் கொட்டகையை நீட்டுகிறோம். பொறி பறக்கும் இடத்தில் பாலியூரித்தேன் கூடாது என்பதால் அங்கே பாறைக்கம்பளி நிரப்பிய பேனல், வெள்ளை வண்ணத்தில், தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். எடை கூடுகிறது, அதற்கேற்பப் பர்லின்களை, அதாவது பேனலைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை, நெருக்கிப் போடுகிறோம்.