திருந்திய தாதா: ராபின்சனின் இரண்டு படங்களில் எதை முதலில் பார்ப்பது?

இரண்டுமே வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு. லாயிட் பேக்கன் இயக்கம், எட்வர்ட் ஜி. ராபின்சன் நாயகன். 'எ ஸ்லைட் கேஸ் ஆஃப் மர்டர்' 1938-இலும் 'பிரதர் ஆர்க்கிட்' 1940-இலும் வந்தன.

முதல் படத்தில் தாதா திருந்துவதற்குச் சட்டமே காரணம். 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியதும், அதுவரை கள்ளத்தனமாகப் பீர் விற்ற ரெமி மார்க்கோ (ராபின்சன்) நேர்மையான பீர் வியாபாரி ஆகிறான். ஆனால் அவன் பீர் வாயில் வைக்க முடியாதது. அவனோ அதைக் குடித்ததே இல்லை. அடியாட்களுக்கோ சொல்லப் பயம். விற்பனை படுக்கிறது, வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. போதாக்குறைக்கு, வாடகைக்கு எடுத்த வீட்டில் நான்கு பிணங்கள், மகளைக் கட்டப்போகும் போலீஸ்காரன் வேறு. டேமன் ரன்யனும் ஹோவர்ட் லிண்ட்சேயும் எழுதிய மேடை நாடகத்தைத் தழுவிய படம் என்பதால் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுச் சிக்கல் நுழைகிறது. எங்கும் தொய்வே இல்லை.

'பிரதர் ஆர்க்கிட்' அப்படியல்ல. ஹம்ஃப்ரி போகார்ட் நடிக்கும் எதிரித் தாதாவின் ஆட்களிடமிருந்து குண்டடிபட்டுத் தப்பும் லிட்டில் ஜான் (ராபின்சன்), பூ வளர்த்து விற்கும் துறவிகளின் மடத்தில் அடைக்கலமாகிறான். முதல் பாதி கும்பல் சண்டை, பிறகு மடத்து அமைதி. இந்த மாற்றத்தில் வேகம் குறைவது உண்மைதான். ஆனாலும் மனம் மாறுவதை நம்பும்படி காட்டுவது இந்தப் படமே. மார்க்கோ தொழிலைத்தான் மாற்றினான், குணத்தை அல்ல.

சிரிக்க வேண்டுமானால் 1938 படத்தை முதலில் பாருங்கள். போகார்ட் ரசிகர்கள் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.