மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலைகிறவர்கள் கவனத்துக்கு: விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

அரசு ஆஸ்பத்திரி வாசலில் "சர்டிபிகேட் வேணுமா, உதவித்தொகை வேணுமா" என்று கேட்டுக்கொண்டு ஒரு ஆள் நிற்பான். எல்லா ஊரிலும் நிற்பான். எங்கள் ஊர் ஆளிடம் என் பெரியம்மா மகள் 12,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறார். பணம் போனதோடு நின்றிருந்தால்கூட இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். அவர் மகனுடைய விண்ணப்பமே மாதக்கணக்கில் அந்த ஆளிடம் மாட்டிக் கிடந்தது.

அக்கா மகனுக்கு அறிவுசார் குறைபாடு. வயது பதினாறு, அப்பா உயரத்துக்கு வளர்ந்துவிட்டான், சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிட வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய், அதற்குத்தான் போனார். ஜெராக்ஸ் கடை வாசலிலேயே மடக்கிவிட்டான்.

"அக்கா, பாதிப்பு 75 சதவீதம் இருந்தாத்தான் 2,000 வரும். தம்பியப் பாத்தா 50-க்கு மேல போட மாட்டாங்க. சதவீதம் போடுற டாக்டருங்க போர்டுல நமக்கு ஆள் இருக்கு, ஏத்திக்கலாம். தாலுகா ஆபீஸ்ல தர்ற 1,500-ஐயும் சேத்து வாங்கித் தந்துடுறேன்."

இந்தப் பேச்சைப் பிரித்துப் பாருங்கள். 75 சதவீத விதி உண்மையிலேயே இருக்கிறது, கடுமையான உடல் பாதிப்பு உள்ளவர்களுக்கு. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் போதும். தசைச்சிதைவுக்கும் அப்படித்தான். ஆக, பையனுக்கு நேர்மையாக 50 போட்டாலே 2,000 வரும். யாரையும் "கவனிக்க" வேண்டியதே இல்லை. சும்மா கிடைப்பதற்குத்தான் விலை வைத்தான். இரண்டு உதவித்தொகை என்றதும் பொய். வருவாய்த் துறை கொடுக்கும் 1,500 தனித் திட்டம், ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான்.

அவன் சொன்னபடியே சதவீதத்தை ஏற்றியிருந்தால் கதை இன்னும் மோசம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 91-வது பிரிவு என்று ஒன்று உண்டு. பொய்யாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நாளைக்குக் கேள்வி வந்தால் அட்டையில் பெயர் இருக்கிற குடும்பத்தைத்தான் கூப்பிடுவார்கள். புரோக்கர் அப்போது அடுத்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்பான்.

ஆள் ஒன்றும் செய்யாமல் இல்லை. ஆதார், போட்டோ எல்லாம் வாங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை தரும் யு.டி.ஐ.டி. இணையதளத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறான், ஆனால் மொபைல் எண் இருக்கும் இடத்தில் தன் நம்பரைக் கொடுத்துவிட்டான். ஓ.டி.பி. அவனுக்கு, பரிசோதனைக்கு வரச்சொல்லும் மெசேஜும் அவனுக்கு. டாக்டர் பார்க்க வேண்டிய நாள் வந்து போனது அக்காவுக்குத் தெரியவே தெரியாது. போன் போட்டால் "பிராசஸ்ல இருக்கு", இல்லாவிட்டால் "மேலதிகாரிக்கு ஒரு 2,000 தேவைப்படுது".

தொந்தரவு தாங்காமல் கடைசியில் ஒரு "அட்டை" கொடுத்தான். அக்கா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். நான் வாங்கிப் பார்த்தேன். விண்ணப்பம் போட்டதும் வருகிற ஒப்புகைச் சீட்டைச் சின்னதாக்கி, கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டிருந்தான். வெட்டின ஓரம்கூட நேராக இல்லை. அதில் இருந்தது பதிவு எண், நடுநடுவே சாய்வுக்கோடு போட்டது. உண்மையான யு.டி.ஐ.டி. எண்ணில் மாநிலத்தின் ஆங்கில எழுத்துகள் முன்னால் இருக்கும், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 18. சதவீதம் என்ற இடமே அந்தச் சீட்டில் இல்லை. சதவீதம் இல்லாத அட்டையை எந்த ஆபீஸிலும் சீந்த மாட்டார்கள்.

மாவட்ட அலுவலகத்துக்கு நேராகப் போனோம். குறைசொல்லக் கூடாது, அங்கே இருந்த அம்மா கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "டாக்டர் பாக்காமலே நிக்குதே, யார் நம்பர் இது?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்து நம்பரை மாற்றினோம். அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் பார்த்தார், ஐ.க்யூ. சோதனை எடுத்தார்கள். 50 சதவீதம் போட்டார்கள். சான்றிதழுக்கோ அட்டைக்கோ ஒரு பைசா கட்டணம் கிடையாது. உதவித்தொகை மனுவும் கொடுத்தாயிற்று.

அட்டைக்கு அலைகிறவர்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டாலும் பக்கத்திலேயே நின்று, உங்கள் நம்பரைத்தான் அடிக்கிறார்களா என்று திரையில் பாருங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். போர்டு போட்ட சதவீதம் குறைவு என்று நினைத்தால் சட்டப்படி மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் புரோக்கர் வேண்டாம். பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் சட்டப்படியான பாதுகாவலர் சான்றுக்கு வக்கீல், கோர்ட் என்று பயமுறுத்தி இன்னொரு ஆள் வருவான். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அதைக் கொடுப்பது கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு. நல அலுவலகத்தில் விசாரித்தாலே வழி சொல்வார்கள்.

12,000 திரும்பி வரவில்லை. கொடுத்ததற்கு எழுத்து எதுவும் இல்லை, கூகுள் பேயில் போட்ட 4,000-க்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது. அதையும் லேமினேஷன் அட்டையையும் வைத்து திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம், போலீஸிலும் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். என்கிற ரசீது வாங்கியாயிற்று. அதே மாதிரி சீட்டு இன்னும் இரண்டு வீட்டில் இருப்பதாகக் கேள்வி. உங்கள் வீட்டிலும் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஒரே மனுவில் பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம். அட்டையைக் கிழித்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.