குலிக்கோவோ ஆல்பம்: அச்சு அருமை, புரூஃப் பார்க்காமல் ஓகே மட்டும் சொல்லிவிடாதீர்கள்

தக்கலையில் ஒரு கடையில் போட்டோ ஆல்பம் போட்டேன். பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன், பையன்களோ நல்ல பையன்கள்.

மகள் ரஷ்யாவில் தூலா நகரத்தில் எம்பிபிஎஸ் படிக்கிறாள். போன வருடம் பார்க்கப் போனபோது, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போய் குலிக்கோவோ போர்க்களத்தையும் பார்த்துவிட்டு வந்தோம். 1380 செப்டம்பர் 8ஆம் தேதி மாஸ்கோ இளவரசர் திமித்ரி, தாத்தார் தளபதி மாமாயின் படையை வென்ற இடம். தோன் நதிக்கரையில் ஜெயித்ததால்தான் அவருக்கு தோன்ஸ்கோய் என்று பட்டப்பெயர். (இரண்டே வருடத்தில் தாத்தார் மன்னன் தொக்தமிஷ் வந்து மாஸ்கோவை எரித்துவிட்டுப் போனான் என்பது வேறு கதை.)

ஆல்பத்துக்குக் கொடுத்த படங்களில் பாதி அங்குள்ள குன்றின் மேல் நிற்கும் புனித செர்கேய் கோயில்தான். போருக்குப் போகும் முன் திமித்ரிக்கு ஆசி கொடுத்த துறவி அந்த செர்கேய். கோயிலைக் கட்டியது 1913க்கும் 1917க்கும் நடுவில், அதாவது உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே. வடிவமைத்தவர் அலெக்சேய் ஷூசெவ். இதே மனிதர்தான் பிற்பாடு மாஸ்கோவில் லெனின் சமாதியையும் வடிவமைத்தார் என்று மகள் சொன்னபோது நான் நம்பவில்லை, தேடிப் பார்த்தேன், உண்மைதான். தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் என்றே தோன்றாது, சின்னக் கோட்டை மாதிரி இருக்கும். முன்பக்கம் இரண்டு தடித்த கோபுரங்கள், மேலே போர்வீரனின் தலைக்கவசம் போலக் குவிமாடம். இரண்டு கோபுரமும் ஒன்றுபோல் இருக்காது, ஷூசெவ் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார். சோவியத் காலத்தில் பூசை நின்று, அப்புறம் அருங்காட்சியகமாகி, இப்போது மறுபடியும் ஆராதனை நடக்கிறது.

பிரச்சினை அந்தக் கோபுரங்களில்தான் வந்தது. மகளின் முகம் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்று டிசைன் செய்த தம்பி படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டார். கல்யாண ஆல்பத்தில் யாருக்கும் தெரியாது, இங்கே இடது கோபுரம் வலது பக்கம் போய் நிற்கிறது! பக்கத்திலேயே உள்ள 28 மீட்டர் இரும்புத் தூண், 1850இல் வைத்தது, சரியாக நடு மடிப்பில் விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழ்க் குறிப்புகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். புரூஃபை போனில் சின்னதாகப் பார்த்து ஓகே சொன்னது என் தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேரில் போய்க் காட்டினேன். தம்பி தூணைப் பார்த்துவிட்டு, "இது நம்ம குளச்சல் தூணு மாதிரியா சாரே?" என்றார். அதேதான் என்றேன், அங்கே 1741இல் டச்சுக்காரனை மடக்கியதற்கு, இங்கே தாத்தாரை மடக்கியதற்கு. அந்தக் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயைப் புதைத்த உதயகிரிக் கோட்டைக் கோயிலுக்குக் கூரைகூட இல்லையே என்று அவரே வருத்தப்பட்டார். பேச்சு வளர்ந்ததில் அரை மணி நேரம் போய்விட்டது, ஆனால் மூன்று ஷீட்டையும் காசு வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுத்தார்கள்.

அச்சைப் பற்றிக் குறையே இல்லை. புல்வெளிப் பச்சை அப்படியே வந்திருக்கிறது, தாள் கெட்டி, பைண்டிங்கும் உறுதி. 3,200 ரூபாய் ஆனது. தமிழ்க் குறிப்பு வேண்டுமென்றால் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து அடிக்க வையுங்கள். சனிக்கிழமை போகாதீர்கள், கல்யாண வீட்டுக் கூட்டம்.