அந்த ராவு முழுக்க வயித்தத் தொட்டுத் தொட்டுப் பாத்த வாட்டு (மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை)

5க்கு 5 தாறன், ஏன் எண்டு விளக்கமாச் சொல்லுறன்.

என்ட தம்பிட மகன், 11 வயசு, வவுணதீவுப் பக்கம் சைக்கிளோட விழுந்திட்டான். முழங்காலில கூட தோல் சரியாப் போகல்ல, ஹேண்டில் முனை மட்டும் வயித்தில குத்தினது. தொப்புளுக்கு மேல ரெண்டு விரல் தள்ளி வட்டமா ஒரு சிவப்பு, ரப்பர் கழண்டுபோன இரும்புக் குழாய்ட வாய் அப்படியே பதிஞ்சிருந்திச்சு. பக்கத்தில ஒரு டிஸ்பென்சரிக்குக் கொண்டு போனம், பேர் வேணாம், சேட்டத் தூக்கியும் பாக்காம கேஸ்ட்ரிக் குளிசை தந்து அனுப்பிட்டாங்க, நாங்களும் நம்பி ராவைக்குக் கஞ்சி குடுத்தம், 9 மணிபோல சத்தி எடுக்கத் தொடங்கினான். 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சு, அதில பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனம், அதுக்கும் காசு எடுக்கல்ல.

ஸ்கேன் பண்ணினாங்க, ரத்தக்கசிவு ஒண்டும் இல்ல. தம்பி உடனே "அப்ப வீட்ட கூட்டிட்டுப் போகலாமா மிஸ்" எண்டு கேட்டான். அந்த வாட்டு டொக்டர், சின்ன வயசுப் பிள்ளைதான், நிண்டு நிதானமாச் சொன்னா: "ஸ்கேன் நல்லம் எண்டதுக்காகக் குடலும் நல்லம் எண்டு சொல்லேலா ஐயா. ஈரல், மண்ணீரல் கிழிஞ்சா ரத்தம் கொட்டும், ஸ்கேன்ல தெரியும். குடல் ஹேண்டிலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில நசிஞ்சு வெடிச்சா ரத்தம் பெரிசா வராது, உள்ள இருக்கிறது மெல்ல மெல்லக் கசிஞ்சுதான் காட்டிக் குடுக்கும், அதுக்கு மணித்தியாலக் கணக்காகும். வாயில தண்ணி கூட குடுக்காதீங்க."

அதுக்குப் பிறகு நடந்ததுதான் நான் இத எழுதக் காரணம். ராவு முழுக்க அவ திரும்பத் திரும்ப வந்தா. ஒவ்வொரு தரமும் ரெண்டு கையையும் தேச்சுச் சூடாக்கிட்டுத்தான் வயித்தில வைப்பா, அவன்ட முகத்தப் பாத்துக்கொண்டே அமத்துவா, "தம்பி, ஒருக்கா இருமிக் காட்டுங்க" எண்டுவா. 11 மணிக்கு இருமினான். 4 மணிக்கு இருமச் சொல்ல ரெண்டு கையாலயும் வயித்தப் பொத்திக்கொண்டு மாட்டன் எண்டு அழுதான், நாடியும் கூடிட்டு, காய்ச்சலும் வந்திட்டு, வயிறு பலகை மாதிரி. உடனே இருத்தி வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க, ஈரலுக்கு மேல பிறை வடிவில கறுப்பாக் காத்து நிண்டது, அது குடலால வெளிய வந்த காத்து எண்டு காட்டினாங்க. விடியமுதல் தியேட்டர். சிறுகுடல்ல ஒரு ஓட்டை, தைச்சாங்க, வேற இடமும் கிழிஞ்சிருக்கா எண்டு குடல் முழுக்கச் சோதிச்சும் பாத்தாங்களாம்.

பிறகு மூக்கால ட்யூப், சேலைன், மிஸ்ஸிமார் வந்து வந்து "காத்துப் போச்சா மனே" எண்டு கேப்பாங்க, பின்னால காத்துப் போனா குடல் திரும்ப வேல செய்யுது எண்டு அர்த்தமாம், அது போன அண்டைக்கு வாட்டே சந்தோஷப்பட்டிச்சு. 8ஆம் நாள் வீட்ட வந்தம், ஒபரேசனுக்கு ஒரு சதம் கட்டல்ல.

வயித்தில அடிபட்ட பிள்ளைக்கு நோவு கூடிக்கொண்டு போனா, சத்தி எடுத்தா, ஸ்கேன்ல ஒண்டுமில்ல எண்டு யார் சொன்னாலும் வீட்ட வச்சிராதீங்க, சத்திரசிகிச்சை வாட்டு இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராக் கொண்டு போங்க. சைக்கிள் ஹேண்டிலயும் இண்டைக்கே பாருங்க, ரப்பர் பிடி கழண்டிருந்தா மாத்துங்க. நாங்க ரெண்டு பக்கமும் புதுசு போட்டிட்டம்.